"டிரயல் முடிஞ்சுது, கூப்பிடுறோம்": ஆஸ்திரேலியாவில் கேஷுவல் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரியிலும் ஜூலையிலும் இங்கே பல்கலைக்கழகங்கள் திறக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஒரு ரெஸ்டாரண்ட்ல டிரயல் போனேன். அஞ்சு மணி நேரம் வேலை வாங்கினாங்க. அப்புறம் பதிலே இல்ல." கடை மாறும், பேசும் பிள்ளை மாறும், கதை மட்டும் மாறாது.

நான் வக்கீல் இல்லை. மெல்போர்னுக்குப் படிக்க வந்து, பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, பிற்பாடு ஒரு கிச்சனில் ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள், எந்த நேரம் வேலை என்ற பட்டியல்) போடும் ஆளாகவும் இருந்தவன். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் மிச்சம், உங்களுக்கும் உதவும். கீழே வரும் சம்பளத் தொகைகள் 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தவை. வழக்கமாக ஒவ்வொரு ஜூலையும் இவை மாறும்; படிக்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிரயலுக்குச் சம்பளம் கிடையாது என்கிறார்களே, சட்டமே அப்படித்தானா?

இல்லை. "டிரயல்" என்று பெயர் வைத்துவிட்டால் உழைப்பு இலவசமாகிவிடும் என்பது இங்கே பரவலாக ஓடும் பொய். சம்பளம் தராமல் ஒருவரைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன இடைவெளி மட்டுமே உண்டு. அந்த வேலைக்குத் தேவையான திறமை உங்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் அது நடக்க வேண்டும். அதைப் பார்க்க எவ்வளவு நேரம் தேவையோ அதற்கு மேல் போகக்கூடாது. அந்த நேரம் முழுக்க ஒருவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கவனிக்க வேண்டும்.

காபி போடத் தெரியுமா என்று பார்க்க நாலைந்து காபி போடச் சொல்லலாம். ஞாயிறு காலைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் மெஷினுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அந்தக் காபியை வாடிக்கையாளருக்கு விற்றுக் காசு வாங்கினால் அது சோதனை இல்லை, வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு.

அப்போ எவ்வளவு நேரம்தான் சும்மா செய்து காட்டலாம்?

இத்தனை நிமிடம் என்று சட்டத்தில் எண் இல்லை. சம்பளச் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன், வேலையின் தன்மையைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு ஷிஃப்ட் வரை போகலாம் என்கிறது. முதலாளிகள் அந்த "ஒரு ஷிஃப்ட்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். வேலையின் தன்மையைப் பொறுத்து என்ற பாதியை விட்டுவிடுவார்கள். பாத்திரம் கழுவத் தெரியுமா என்று பார்க்க ஒரு ஷிஃப்ட் எதற்கு? பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: அன்றைக்கு நீ போகாமல் இருந்திருந்தால், அந்த இடத்தில் சம்பளத்துக்கு இன்னொருவரை நிறுத்தியிருப்பார்களா? ஆமாம் என்றால் நீ செய்தது வேலை.

சரி, எவ்வளவு தர வேண்டும்?

நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் ஆட்களுக்கு, அதாவது நிரந்தரமில்லாமல் தேவைப்படும்போது கூப்பிடப்படுபவர்களுக்கு, சம்பளத்தோடு வருடாந்திர விடுப்பு, நோய் விடுப்பு எதுவும் கிடையாது என்பதால் அதற்கு ஈடாக 25 சதவீதம் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் 31.19. ஐந்து மணி நேர டிரயல் என்றால் வார நாளிலேயே 155.95 டாலர் வந்திருக்க வேண்டும்.

ரெஸ்டாரண்ட், ஹோட்டல், கடை என்று ஒவ்வொரு துறைக்கும் "அவார்ட்" எனப்படும் தனிச் சம்பள விதிகள் உண்டு. வயது, வேலையின் படிநிலை, கிழமை எல்லாம் அதில் கணக்கில் வரும். ரெஸ்டாரண்ட் அவார்டில் சனிக்கிழமை கேஷுவல் ஆளுக்கு அடிப்படைச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு; பொது விடுமுறை நாளில் இரண்டரை மடங்கு. டிரயலை ஏன் எப்போதும் சனிக்கிழமை இரவில் வைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? ஆம்பட்ஸ்மன் இணையதளத்தில் சம்பளம் கணக்கிடும் கருவி இருக்கிறது. வயதையும் வேலையையும் கொடுத்தால் உங்களுக்கான தொகையைச் சொல்லிவிடும்.

அதே ரெஸ்டாரண்ட் அவார்டில் கேஷுவல் ஆளைக் கூப்பிட்டால் குறைந்தது இரண்டு மணி நேரச் சம்பளம் தர வேண்டும். கடைகளில் மூன்று மணி நேரம். "கூட்டம் இல்ல, நீ கிளம்பு" என்று நாற்பது நிமிடத்தில் அனுப்பினாலும் இந்தக் கணக்கு நிற்கும்.

"கூப்பிடுறோம்" என்றார்கள். மெசேஜ் போட்டால் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. என்ன செய்வது?

எனக்கும் இதே நடந்தது. வந்த முதல் வருஷம், ரயில் ஏறி ஒன்றரை மணி நேரம் போய், ஒரு ரெஸ்டாரண்டில் மாலை ஐந்து மணிக்கு நுழைந்தேன். "முதல்ல டிரயல் பாப்போம்" என்றார்கள். பதினொன்றரைக்கு கிரீஸ் படிந்த தரையைத் தேய்த்து முடித்தபோது ஒரு டப்பா பிரியாணி கொடுத்து, நல்லாப் பண்ற, கூப்பிடுறோம் என்று அனுப்பினார்கள். கடைசி ரயிலில் பிரியாணியை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே வந்தேன். இரண்டு வாரம் கழித்து வகுப்புத் தோழன் ஒருவன் அதே கடையில் டிரயல் போய்வந்ததைச் சொன்னான். அவனுக்கும் பிரியாணி. அதற்கடுத்த வாரம் இன்னொருவன். அந்தக் கடையில் வார இறுதிக்குப் பாத்திரம் கழுவ ஆளே வைத்திருக்கவில்லை. டிரயல் வரும் பிள்ளைகளை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். கேட்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நீங்கள் கேளுங்கள். கோபமாக வேண்டாம், சுருக்கமாகப் போதும். மெசேஜ் அல்லது மின்னஞ்சலில், இந்தத் தேதியில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை உங்கள் இடத்தில் இன்ன வேலை செய்தேன், அதற்கான சம்பளத்தை இந்தத் தேதிக்குள் என் கணக்கில் போடுங்கள் என்று எழுதி, வங்கி விவரம் கொடுங்கள். "வேலைக்கு எடுப்பீர்களா" என்ற கேள்வியை அதே மெசேஜில் கலக்காதீர்கள். கலந்தால் அவர்கள் அதற்கு மட்டும் பதில் சொல்லுவார்கள்.

பதில் இல்லையென்றால் அடுத்தது முறையான கடிதம். அதன் மாதிரியும் ஆம்பட்ஸ்மன் தளத்திலேயே கிடைக்கிறது. என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கடிதத்தோடே பணம் வந்துவிடுகிறது. தொகை சின்னது, விஷயம் பெரிசாவது முதலாளிக்கும் பிடிக்காது.

எழுத்தில் ஒன்றுமே இல்லை. வேலை செய்தேன் என்று எப்படி நிரூபிப்பேன்?

எழுத்தில் இல்லை என்று நினைக்கிறீர்கள், தேடினால் இருக்கும். "6 மணிக்கு வா, கறுப்பு பேண்ட் போட்டு வா" என்ற மெசேஜ். அந்த நம்பருக்குப் போன கால். மெல்போர்னில் பெயர் பதிவு செய்த மைக்கி பயண கார்டாக இருந்தால் எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு ஏறி இறங்கினீர்கள் என்ற விவரம்; சிட்னியில் ஓபல் கார்டு. கூகுள் மேப்பில் லொகேஷன் பதிவாகியிருந்தால் அதுவும். அன்றிரவு அம்மாவுக்கு "இப்பத்தான் வேலை முடிஞ்சுது" என்று போட்ட வாட்ஸ்அப்கூட நேரம் காட்டும். ஏப்ரன் கட்டிக்கொண்டு நீங்கள் எடுத்த செல்ஃபியைச் சாட்சி என்று நீங்களே நினைத்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. அன்றிரவே உட்கார்ந்து எழுதுங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், யார் வேலை சொன்னார்கள், என்னென்ன செய்தீர்கள், கூட யார் நின்றார்கள், இடைவேளை விட்டார்களா. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதற்கும் அன்றே எழுதியதற்கும் மதிப்பில் நிறைய வித்தியாசம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 2015இல் செவன் இலெவன் கடைகளில் வெளிநாட்டு மாணவர்களை வேலை வாங்கிய விதம் அம்பலமானது. பல கிளைகளில் நாற்பது மணி நேரம் வேலை வாங்கி இருபது மணி நேரத்துக்கு மட்டும் கணக்குக் காட்டியிருந்தார்கள். கணக்கே பொய்யாக இருக்கும்போது வேலை செய்தவர் எதை வைத்து நிரூபிப்பார்? அதன் பின்விளைவாக 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. முதலாளி நேரப் பதிவு வைக்கவில்லை, பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) தரவில்லை என்றால், தொழிலாளி சொல்லும் கணக்கு தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நியாயமான காரணம் காட்டினால் ஒழிய அவர் இதிலிருந்து தப்ப முடியாது. "எந்த ரெக்கார்டும் இல்லையே" என்று அவர் சிரிப்பது உண்மையில் அவருக்கே பாதகம்.

வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் முதல் மூன்று வாரம் "டிரெயினிங் ரேட்" 15 டாலராம்.

அப்படி ஒரு ரேட் முதலாளி நினைத்தபடி வைத்துக்கொள்வதற்கில்லை. பயிற்சிக் காலம், தகுதிகாண் காலம் எல்லாமே வேலை நேரம்தான். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டப்படியான சம்பளத்துக்குக் கீழே போகும் ஒப்பந்தம் செல்லாது. அப்ரெண்டிஸ், டிரெய்னி என்று முறைப்படி பதிவு செய்த ஏற்பாடுகள் வேறு. அவை தோசை சுடக் கற்றுக்கொடுக்கும் மூன்று வாரத்துக்குப் பொருந்தாது.

பணமாகக் கையில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பணமாகத் தருவது குற்றம் இல்லை. பேஸ்லிப் இல்லாமல் தருவதுதான் தவறு. சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் தந்தாக வேண்டும். கூடவே "சூப்பர்" எனப்படும் ஓய்வூதியத் தொகை, சம்பளத்தின் மேல் 12 சதவீதம். முன்பு மாதம் 450 டாலருக்குக் கீழே சம்பாதித்தால் சூப்பர் கிடையாது என்று இருந்தது. 2022 ஜூலையோடு அந்த வரம்பு போய்விட்டது. பழைய விதியைச் சொல்லி இன்னும் ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

"ஏபிஎன் நம்பர் எடுத்துட்டு வா" என்றால் இன்னும் கவனம். அது தனியாகத் தொழில் நடத்துபவருக்கான எண். அவர் ரோஸ்டர் போட்டு, அவர் ஏப்ரன் கொடுத்து, அவர் சொன்ன நேரத்தில் வேலை செய்துவிட்டு நீங்கள் எப்படித் தொழிலதிபர் ஆவீர்கள்? ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று காட்டுவது இங்கே சட்டவிரோதம்.

தட்டு உடைந்தது, சம்பளத்தில் பிடித்தார்கள்.

வேண்டுமென்றே உடைக்காத வரை ரெஸ்டாரண்டில் அப்படிப் பிடிக்க முடியாது. கல்லாவில் பணம் குறைந்தாலும் அப்படியே.

ஆறு மாதமாக வேலை செய்கிறேன். சனிக்கிழமை ரேட் கேட்டேன். அடுத்த வாரம் ரோஸ்டரில் என் பெயரே இல்லை. கேஷுவல்தானே, ஒன்றும் செய்ய முடியாதா?

எனக்கு வரும் போன்களில் மிகவும் வருத்தமானவை இவைதான். யாரும் "நீ வேண்டாம்" என்று சொல்வதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ரோஸ்டர் வரும், உங்கள் பெயர் இருக்காது. அடுத்த வாரமும் இருக்காது. பிறகு ஒருநாள் குரூப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள். நான் ரோஸ்டர் போட்ட காலத்தில் "அந்தப் பையனுக்கு இனி ஷிஃப்ட் போடாதே" என்று எனக்கே சொல்லப்பட்டது. ஏன் என்று கேட்டேன். "ரொம்பப் பேசுறான்." அவன் பேசியது பேஸ்லிப் பற்றி. அன்று நானும் போடாமல்தான் விட்டேன். அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுதுவது சரியாக இருக்காது.

சட்டத்தில் இரண்டு வழி உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது, நியாயமற்ற பணிநீக்கம். இதற்குக் கேஷுவல் ஆள் ஒழுங்காகத் தொடர்ந்து வேலை செய்து வந்திருக்க வேண்டும், இனியும் தொடரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்திருக்க வேண்டும். அதோடு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். பதினைந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமென்றால் பன்னிரண்டு மாதம். சின்னக் கடைகளில் வேலை செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் இதில் நின்றுபோவார்கள்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது, புகார் சொல்வது உங்கள் உரிமை. அதற்காக வேலையை விட்டு நீக்கினாலோ ஷிஃப்டைக் குறைத்தாலோ அது உரிமையைப் பயன்படுத்தியதற்கான பழிவாங்கல். இதற்கு ஆறு மாதக் கணக்கு இல்லை. சேர்ந்து மூன்று வாரமே ஆனவரும் கேட்கலாம். காரணம் வேறு என்று நிரூபிக்கும் சுமையும் முதலாளி மேல்தான் விழும். அதனால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதை எப்போதும் எழுத்தில் கேளுங்கள். 12ஆம் தேதி கேட்ட மெசேஜும் 15ஆம் தேதி பெயர் இல்லாத ரோஸ்டரின் ஸ்கிரீன்ஷாட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்வது அவருக்குச் சுலபம் இல்லை.

வேலை போயிருந்தால் இரண்டு வழிக்குமே 21 நாள்தான் கெடு. ஃபேர் ஒர்க் கமிஷனில் விண்ணப்பிக்க வேண்டும். கமிஷன் வேறு, ஆம்பட்ஸ்மன் வேறு: வேலை போனதற்குக் கமிஷன், சம்பளப் பாக்கிக்கு ஆம்பட்ஸ்மன். இந்தப் பெயர்க் குழப்பத்திலேயே 21 நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். சம்பளப் பாக்கிக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஆறு வருஷம் வரை கேட்கலாம்.

புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று மிரட்டுகிறார்.

முதலில் உங்கள் பக்கம் என்ன என்று பாருங்கள். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் வரம்பு இல்லை. படிப்பு தொடங்கும் முன்பு வேலையே செய்யக்கூடாது. புதிதாக வந்தவர்கள் வகுப்பு தொடங்கும் முன்பே டிரயல் போய்விடுகிறார்கள். விசா விதியில் "வேலை" என்றால் பொதுவாகச் சம்பளம் கிடைக்கக்கூடிய செயல். ஆகவே சம்பளம் தராத டிரயலும் கணக்கில் வரலாம். காசும் இல்லை, விசாவுக்கும் ஆபத்து. வகுப்பு தொடங்கும் வரை பொறுங்கள்.

முதலாளிக்கு உங்கள் விசாவை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை, அது உள்துறையின் வேலை. விசா நிலையைக் காட்டி ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பான சம்பளத்துக்கோ நிலைமைக்கோ கட்டாயப்படுத்துவது 2024 ஜூலை முதல் அவருக்கே குற்றம். 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும், சுரண்டலோடு தொடர்புடைய மீறலாக இருந்து நீங்கள் முறையாக உதவி தேடினால் விசாவைப் பாதுகாக்கும் ஏற்பாடும் அதே மாதம் வந்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நண்பர்கள் பேச்சைக் கேட்காமல் இலவசச் சட்ட மையத்தில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

முதலாளி நம்ம ஊர்க்காரர். அவர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. "தம்பி, சாப்டியா?" என்பார். பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவார். சம்பளப் பேச்சு வந்ததும், "நான் வந்தப்ப எட்டு டாலருக்குக் கழுவினேன் தம்பி" என்பார். உண்மையாகவே கழுவியிருப்பார். அவரை ஏமாற்றியவர் மேல் அவருக்குக் கோபம் வராமல், அதையே ஒரு வழக்கமாக நம் மேல் இறக்குகிறார், அவ்வளவுதான். நல்ல முதலாளிகள் நம் ஆட்களில் நிறைய உண்டு; முதல் நாளே வங்கிக் கணக்கு எண் கேட்டு வாங்குவார்கள், அதில் தெரிந்துவிடும்.

ஊர்க்காரர் என்றால் முதல் மெசேஜை இன்னும் மரியாதையாக எழுதுங்கள், "அண்ணா" போடுங்கள். தொகையைக் குறைக்காதீர்கள். பெயர் சொல்லவே தயக்கம் என்றால் ஆம்பட்ஸ்மனிடம் பெயரில்லாமலும் தகவல் கொடுக்கலாம். உங்கள் பணம் அதனால் திரும்பி வராது. அடுத்து அங்கே டிரயல் போகும் பிள்ளைக்கு உதவலாம்.

எங்கே போய்ச் சொல்வது? ஆங்கிலத்தில் பேசப் பயமாக இருக்கிறது.

ஆம்பட்ஸ்மன் எண் 13 13 94. தமிழில் பேச வேண்டுமென்றால் 13 14 50க்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஆம்பட்ஸ்மனோடு இணையுங்கள் என்று கேளுங்கள். மெல்போர்னில் ஜாப்வாட்ச், யங் ஒர்க்கர்ஸ் சென்டர், மைக்ரண்ட் ஒர்க்கர்ஸ் சென்டர். சிட்னியில் ரெட்ஃபர்ன் லீகல் சென்டர், அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனிச் சேவை உண்டு. உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஆம்பட்ஸ்மன் ஒவ்வொரு வழக்கையும் கையில் எடுத்து நடத்தமாட்டார்கள். பெரும்பாலும் இரு தரப்பையும் பேசவைக்கப் பார்ப்பார்கள். அது நடக்காவிட்டால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்ற நடைமுறை உண்டு. 1,00,000 டாலர் வரை அதில் கேட்கலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

நான் பெர்த்தில் இருக்கிறேன்.

கடை கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் மேலே சொன்னவை பொருந்தும். தனிநபரோ கூட்டாளிகளோ நடத்தும் கடையென்றால் மேற்கு ஆஸ்திரேலியாவில் மாநிலச் சட்டம்தான், சம்பளமும் கெடுவும் வேறு. வேஜ்லைன் என்ற மாநிலச் சேவையைக் கேளுங்கள்.

சம்பளம் தராததற்கு ஜெயில் என்கிறார்களே?

2025 ஜனவரி 1 முதல், தெரிந்தே வேண்டுமென்று சம்பளத்தைக் குறைப்பது குற்றவியல் குற்றம், தனிநபருக்குப் பத்து வருஷம் வரை சிறை. தெரியாமல் செய்த தவறு இதில் வராது. ஒரு டிரயல் ஷிஃப்டுக்காக யாரும் ஜெயிலுக்குப் போவார்கள் என்று கனவு காணாதீர்கள். மெசேஜில் இதை எழுதி மிரட்டவும் வேண்டாம், உங்கள் கேஸைத்தான் கெடுக்கும்.

டிரயலுக்குப் போகும் முன்பே "சம்பளம் உண்டா" என்று கேட்டால் வேலை போய்விடாதா?

சில இடத்தில் போகும். பிரியாணிக் கடையில் நான் அப்படிக் கேட்டிருந்தால் அவர்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆறரை மணி நேரமும் போகவர ரயில் டிக்கெட்டும் மிச்சமாகியிருக்கும். கேட்கும் விதம் இருக்கிறது. "எத்தனை மணிக்கு முடியும்? டிரயலுக்கு மணிக்கு எவ்வளவு? வங்கி விவரம் கொண்டுவரவா?" என்று வேலை விவரம் கேட்பது போல மெசேஜில் கேளுங்கள். நான் ரோஸ்டர் போட்ட நாட்களில் இப்படிக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் எடுத்தோம். ஒருத்தி சேர்ந்த மறுவாரம், என் பேஸ்லிப்பிலேயே ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.